அழுத பாயசம்

பேய் பிசாசெல்லாம் சுத்தப் பொய் என்று மைக் பிடித்துப் பேசுகிற ஆள் நான். ஆனால் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒன்று அழுதபோது நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

1999. பெங்களூரில் ஈஸ்ட்டை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். (“பன்னு உப்பறதுக்கு இவ்வளவு படிப்பா?” என்பாள் அம்மா.) ஜீனிலிருந்து ஆர்.என்.ஏ. என்றொரு நகல் எடுக்கப்படும். அதில் நடுநடுவே இருக்கும் வேண்டாத துண்டுகளை வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டினால்தான் அது உருப்படும். ஜீனுக்கு முன்னால் நின்று ‘ம், ஆரம்பி’ என்று சொல்கிற பகுதிக்குப் புரமோட்டர் என்று பெயர். வெறும் சுவிட்ச் என்றுதான் நினைத்திருந்தேன். ஜீனில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் புரமோட்டரை மட்டும் மாற்றி வைத்தால், பின்னால் நடக்கிற வெட்டே மாறியது! அதற்குச் சாட்சி, இருபத்து நான்கு குட்டிக் குப்பிகளில் உறைந்திருந்த என் ஆறு மாத உழைப்பு. உருகினால் எல்லாம் போச்சு.

குப்பிகளை டிரை ஐஸ் (கரியமில வாயுவை உறையவைத்த கட்டி) போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்து மதுரைக்குச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். “ஒரு நாள் ஊட்டுக்கு வந்துட்டுப் போ கண்ணு, பொண்ணு பாக்க வாராங்க” என்றாள் அம்மா. மலைமேல் ஆலத்தூர் நாட்டில் எங்கள் வீடு. பெட்டியை மிளகு மூட்டை அறையில் வைத்தேன். அது எங்கள் அத்தை இறந்துபோன அறை. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது காய்ச்சலில் போனவள்.

மதியம் மூன்று மணிக்கே மேகம் இறங்கி வாசல் பலாமரத்தை மறைத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரின் பேச்சுக் குரல்தான் முதலில் வந்தது. ஆட்கள் அப்புறம்தான் தெரிந்தார்கள். நான் பட்டுப்புடவையில், காபித் தட்டோடு நடையில் வந்து நின்றேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரி, மெல்லிசாக. ஏறியது, இறங்கியது, நின்றது. மறுபடி வீறிட்டது.

“ஏனுங்க, உள்ள யாருங்க அழுவறது?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“யாருமில்லீங்களே...” என்றார் அப்பா.

அறைக்கதவின் அடியிலிருந்து வெள்ளையாக எதுவோ வழிந்தது. தரையோடு தரையாக ஊர்ந்து வந்து என் காலைத் தொட்டது. சில்லென்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தை என் கால்விரலை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பதாகவே பட்டது.

“ஐயோ சாமி!” என்று அந்த அம்மா செருப்பைக்கூடப் போடாமல் ஓட, வீடே காலியானது.

கால் மணி நேரம் யாரும் உள்ளே போகவில்லை. கடைசியில் மாப்பிள்ளை போனார். (சேந்தமங்கலத்தில் கணக்கு வாத்தியார்.) எவர்சில்வர் போசி ஒன்றைத் துண்டால் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

“பயப்படாதீங்க. பாயசந்தானுங்க அழுதுட்டு இருந்துச்சு.”

அம்மா திருதிருவென்று விழித்தாள். “ஐஸ் பொட்டி சும்மாதான கெடக்குதுன்னு, கொதிக்கிற பாயசத்த ஆற வெச்சேன் கண்ணு. எடம் பத்தல, அந்தக் குப்பிகள எடுத்து சன்னல்ல வெச்சிருக்கேன். ஒண்ணுகூட ஒடையல!”

சூடான பாத்திரம் பட்டால் டிரை ஐஸ் வீறிடும், வெள்ளைப் புகையாகத் தரையில் வழியும். ஆய்வகத்தில் கரண்டியை அதன்மேல் அழுத்தி ஜூனியர்களை அலறவிட்ட புண்ணியவதியே நான்தான்! சன்னலில் இருபத்து நான்கு குப்பிகளிலும் வெறும் தண்ணீர். மிளகு மூட்டைமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். இந்தத் தடவை நிஜமாகவே ஒரு பெண் அழுதாள், ஒருவரும் ஓடவில்லை. மாப்பிள்ளை மட்டும் வாசற்படியில் நின்று, “அந்தக் குப்பில என்னங்க இருந்துச்சு?” என்று கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். ஆறு மாத வேலையைத் திரும்பச் செய்தேன்.

இன்றைக்கும் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் இந்தக் கதை வந்துவிடும். மாமியார் அழுகைச் சத்தத்தில் ஆரம்பிப்பார், அவர் செருப்பில்லாமல் ஓடியது வெட்டுப்பட்டுவிடும். அம்மா பாயசத்தின் ருசியில் ஆரம்பிப்பாள், குப்பிகள் காணாமல் போகும். முன்னால் நிற்பது மாறினால் வெட்டும் மாறும் என்று நான் ஈஸ்ட்டில் கண்டுபிடித்ததை இவர்கள் பந்தியிலேயே நிரூபித்துவிடுகிறார்கள்.

நான் எப்போதும் அம்மாவின் தப்பிலிருந்து ஆரம்பிப்பேன். முதல் வீறிடலில் குப்பிகள் அப்போதுதான் சன்னலுக்கு வந்திருந்தன. நான் உடனே கதவைத் திறந்திருந்தால் ஒன்றுகூட உருகியிருக்காது. அந்த இடத்தை வேகமாகத் தாண்டிப்போய், “எல்லாரும் ஓடிட்டாங்க!” என்று முடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் கேட்பார்:

“ஏனுங்க டாக்டரம்மா, அந்தக் காபித் தட்டு மறுநாள் ரெண்டு தோட்டம் தள்ளிக் கெடந்துச்சே, அது எப்படிங்க?”