எண்ணெய்க்கு ஒரு பங்கு

"தற்காலிகம்னா எத்தினி நாளு மச்சான்?"

மனோகரன் இதைக் கேட்டபோது வலை பாதி தண்ணீரிலும் பாதி படகிலும் இருந்தது. மச்சான் அர்ஜுன் ஒரு கையில் வலையையும் மறு கையில் மாமாவின் செல்போனையும் பிடித்துக்கொண்டு, கம்பெனி அனுப்பிய செய்தியை மறுபடியும் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"'இரு நாட்டுக் கடற்படைகளும் நமது ஆய்வுப் பகுதியில் நிலைகொண்டிருப்பதால், எண்ணெய்க் கிணறு தோண்டும் பணி தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது. முதலீட்டாளர்கள் பெருமிதம் கொள்ளலாம்.' அவ்ளோதான் மாமா."

"பெருமிதம் இன்னாத்துக்கு?"

"தெர்ல. கடைசில கைகூப்புற பொம்ம ஒண்ணு கீது."

மனோகரன் படகின் விளிம்பில் உட்கார்ந்தார். தூரத்தில் எண்ணூர்ப் புகைபோக்கிகள் வழக்கம்போல் புகைத்துக்கொண்டிருந்தன. அவர் உட்கார்ந்திருந்த விளிம்பு முன்பு அவருடையது. இப்போது அர்ஜுனுடையது. எண்ணெய்க் கம்பெனியில் பங்கு வாங்குவதற்காகப் படகை அவர் மச்சானுக்கு விற்றிருந்தார். இது மங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பது இருவருக்குள்ளும் ஏற்பாடு. மங்கம்மா இவருக்கு மனைவி, அவனுக்கு அக்கா. ஆகவே பயம் சரிசமமாகப் பகிர்ந்துகொள்ளப்பட்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் பங்கு என்ற சொல்தான்.

திருவொற்றியூர்க் குப்பத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள். மீன் ஏலம் போனதும் டீசல் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பிரிப்பார்கள். படகுக்கு ஒரு பங்கு, என்ஜினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. அன்றைய பங்கு அன்றே கைக்கு வந்துவிடும். தண்டையார்பேட்டையிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்த பாஸ்கல், "நீலத்திரை ஆயில் கம்பெனியோட எண்ணெய்க் கிணத்துல உங்களுக்கும் ஒரு பங்கு சார்" என்றபோது, மனோகரன் கேட்டது மிகவும் நியாயமான கேள்வி.

"எப்ப பிரிப்பீங்கோ?"

"எண்ணெய் வந்ததும் சார்."

"கரைக்கு எங்க வரும்? காசிமேடா, எண்ணூரா?"

"உங்களுக்கு எது சௌகரியம் சார்?"

"எண்ணூரு."

"அப்ப எண்ணூர் சார்."

படகுக்காரர் வீட்டுக்குக் குழம்பு மீன் தனியாகக் கொடுப்பதுபோல, என்ஜினுக்குக் கொஞ்சம் எண்ணெய் தனியாகத் தருவார்களா என்றும் கேட்டார். தருவார்கள் என்றான் பாஸ்கல். அவன் யாருடைய மனதையும் நோகடிக்காத பையன்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "சர்ச்சைக்குரிய கடல் சார் அது. ரெண்டு நாடு எங்களுது எங்களுதுன்னு சொல்லுது."

படித்தவன் எவனும் அந்த இடத்தில் எழுந்து போயிருப்பான். மனோகரன் அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். இளம் வயதில் பக்கத்துக் குப்பத்து ஆட்களோடு நடுக்கடலில் துடுப்பால் அடித்துக்கொண்ட தழும்பு அவர் புருவத்தில் இருந்தது. அன்றைக்கு அந்த இடத்தில் வலை கிழியும் அளவுக்குக் கவலை கிடைத்தது. கவலை என்பது இங்கே மீனின் பெயர்.

"மீனு இல்லாத எடத்துக்கு எவனாவது அட்ச்சிக்குவானா? நாடே அட்ச்சிக்குதுன்னா அடியில எம்மாம் கீதோ!"

பாஸ்கல் இதைத் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். அடுத்த தெருவில் பயன்பட்டிருக்கும்.

அதன் பிறகு மனோகரன் அதே படகில், அதே கடலுக்கு, கூலி ஆளாகப் போய்வந்தார். படகுப் பங்கும் என்ஜின் பங்கும் போய், ஆள் பங்கு மட்டும் வீட்டுக்கு வந்தது. "கடல்ல ஒண்ணியும் இல்ல மங்கா" என்று தினமும் சொன்னார். அந்த மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் கல்மண்டபத்தில் விற்பவளே மங்கம்மாதான். கடலில் எவ்வளவு இருந்தது என்பது அவருக்குத் தெரிவதைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு பேஜாராக இருந்தது.

செய்தி வந்த அன்று கரையேறியதும் வலையைக்கூட உதறாமல் தண்டையார்பேட்டைக்குப் போனார். பேட்டரிக் கடை மாடியில் பாஸ்கலின் அலுவலகம். சுவரில் ஒரு எண்ணெய்க் கப்பலின் படம் இருந்தது. காலண்டரிலிருந்து கிழித்தது.

"நைனா, எனுக்கு எண்ணெயும் வாணாம் ஒண்ணியும் வாணாம். என் காச குடுத்துரு. நான் என் படக மீட்டுக்குறேன்."

"கம்பெனி திருப்பி வாங்காது சார். நீங்களா ஒரு ஆளப் பாத்து வித்துக்கலாம்."

"ரெண்டு நேவி குறுக்க நிக்குது. எவன் வாங்குவான்?"

"உங்க மூஞ்சப் பாத்தா எவனும் வாங்கமாட்டான் சார். முதல்ல சிரிங்க. பங்கு வாங்குனவரு சந்தோஷமா இருக்காருன்னு ஜனங்களுக்குத் தெரியணும்."

திரும்பி வந்து அர்ஜுனிடம் கேட்டார். "மச்சான், காச பொரட்டிக் குட்த்தா படக திருப்பிக் குடுப்பியா?"

"இன்னா மாமா நீ. ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேன்."

"யார கேட்டு?"

அர்ஜுன் கொஞ்சம் யோசித்தான். "என் மனச கேட்டு."

மனோகரனுக்கு மச்சான்மேல் மரியாதை வந்தது. அவனுக்கு மனசு என்று ஒன்று இருப்பது அதுவரை வெளியே தெரிந்ததில்லை.

மறுநாள் டீக்கடையில் அவர் சிரிக்கத் தொடங்கினார். காரணமில்லாமல் சிரிப்பவரைக் குப்பத்தில் இரண்டு விதமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நல்லவேளையாக, பணம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள்.

"ஆமா மாமு, எண்ணெய்ல பங்கு வாங்கிக்கீறேன். சண்ட நட்க்குற கடலு. சும்மாவா நட்க்கும்?" என்று ஆரம்பித்து, வேண்டியவருக்குத் தன் பங்கைத் தருவதாகச் சொல்லி, புருவத் தழும்பைக் காட்டி முடித்தார். பேச்சு நன்றாக வந்தது. டீக்கடையே தலையாட்டியது. ஐஸ் வண்டி ஓட்டும் நிலவன் மட்டும் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அவ்ளோ நல்ல மாலுன்னா நீ இன்னாத்துக்கு மாமு விக்கப் பாக்குற?"

இந்தக் கேள்விக்கு மனோகரன் தயாராக இல்லை. "யார்ரா விக்கிறது? இன்னும் கொஞ்சம் வாங்கலாமான்னுதான் பாத்துகினு கீறேன்!"

வாயை மூடியபோதுதான், விற்பதற்காக வந்த இடத்தில் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

அன்றிலிருந்து அவர் ஆயில் மனோகரன். விற்க மாட்டார் என்று தெரிந்துவிட்டதால் யாரும் விலை கேட்கவில்லை. மரியாதை மட்டும் வந்தது. மரியாதையைக் கொடுத்துப் படகு வாங்க முடியாது. கோயில் கூட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நான்கைந்து பேர் தங்கள் பிள்ளைகளுக்கு எண்ணெய்க் கப்பலில் வேலை கேட்டார்கள். நிலவனே ஒருநாள் தனியாக வந்து, "எண்ணெ வெளிய வந்ததும் கெட்டுப் போவுமா மாமு? ஐஸ் தேவப்பட்டா சொல்லு" என்றான்.

மனோகரனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மங்கம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். படகு போனதைச் சொல்ல வேண்டும், எண்ணெய் வராததைச் சொல்ல வேண்டும், அழுதாலும் பரவாயில்லை. அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மங்கம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எதிர்வீட்டு அடைக்கலமேரி உட்கார்ந்திருந்தாள். அடைக்கலமேரியிடம் ஒன்றைச் சொல்வதும் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்று.

"இன்னாய்யா, ஊரே ஒன்னப் பத்திதான் பேசுது" என்றாள் மங்கம்மா.

எந்தக் காசில் வாங்கினாய் என்று கேட்பாள் என எதிர்பார்த்தார். அவள் கேட்கவில்லை. அதற்காகத் தயார் செய்து வைத்திருந்த பொய் வீணாயிற்று.

"அந்த எண்ணெ மெய்யாலுமே கீதாய்யா?"

அடைக்கலமேரி கழுத்தை நீட்டினாள். எண்ணெய் இல்லை என்று சொன்னால், பொழுது சாய்வதற்குள் தண்டையார்பேட்டை வரை தெரிந்துவிடும். பங்கை எவனும் தொட மாட்டான். படகு திரும்பாது. இப்போது பேசி, விற்று, படகை மீட்டுவிட்டால், அப்புறம் நிதானமாக உண்மை சொல்லிக்கொள்ளலாம். இப்படித்தான் மனோகரன் கணக்குப் போட்டார்.

"கீதாவா? ரெண்டு நாட்டுக் கப்பலு பீரங்கிய வச்சினு காவ காக்குது மங்கா. இல்லாத பொருளுக்கா காவ காப்பான்? கடல்ல எங்க சண்டையோ அங்கதான் சரக்கு. இது நீ பொறந்த குப்பத்துக்கும் தெரியும், என் குப்பத்துக்கும் தெரியும்."

"எந்தலயில கைய வச்சி சொல்லு."

மங்கம்மா கூடையைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தலையைக் கொஞ்சம் குனிந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் சத்தியம் கேட்டதில்லை. மனோகரனின் கை எழும்பியது. ஈரமான தலைமுடிமேல் உட்கார்ந்தது.

"மெய்யாலுமே" என்றார்.

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்ன மன்னிச்சுக்கய்யா" என்றாள்.

எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. மனைவி மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் பயந்துபோய், "பரவால்ல வுடு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு வஞ்சிர மீன் வறுத்திருந்தாள். விற்கிற மீனைத்தான் வறுத்திருந்தாள். அவரால் ஒரு துண்டுகூட விழுங்க முடியவில்லை. ஒவ்வொரு முறை கையைத் தட்டில் வைத்தபோதும் அது யார் தலைமேல் வைத்த கை என்பது நினைவுக்கு வந்தது.

அந்த வாரமே பாஸ்கல் கூப்பிட்டான். குரலில் டை தெரிந்தது.

"சார், பார்ட்டி வந்துட்டாங்க! உங்க பங்கு மொத்தமும் வேணுமாம். ரொக்கம்."

மனோகரன் பேருந்து வராததால் ஓடியே போனார். பணப்பை கைக்கு வந்ததும்தான் வாங்கிய ஆளின் நினைப்பு வந்தது.

"யாரு நைனா அது?"

"வாங்குறவங்க பேர விக்கிறவங்களுக்குச் சொல்ற பழக்கம் கம்பெனில இல்ல சார். ரெண்டு பேரும் பேசிக்கிட்டா வீண் மனஸ்தாபம் வரும்."

"பாவப்பட்ட ஆளா?"

"கையில காசோட வந்த ஆளு சார். இதுல பாவம் எங்க வருது?"

"நேவி விஷயத்த சொன்னியா?"

"நான் சொல்றதுக்கு முன்னாடியே அவங்க சொன்னாங்க சார். சண்டை நடக்குதாமே, அதான் வேணும்னாங்க. இந்த மாதிரி விவரமான பார்ட்டிய நான் பாத்ததே இல்ல."

தன் பேச்சு காற்றில் பரவி எவனையோ பிடித்திருக்கிறது என்று மனோகரனுக்குத் தெரிந்துவிட்டது. எவனோ ஒருத்தன் தன்னைப்போலவே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று படியில் நின்று யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு படகு ஞாபகம் வந்தது. மங்கம்மாவின் ஈரத் தலை ஞாபகம் வந்தது. படி இறங்கிவிட்டார்.

வழியில் வடிவுடையம்மன் சன்னதியில் சூடம் ஏற்றினார். "தாயே, என் பங்க வாங்குன ஆளு யாரோ எவரோ. அந்தக் குடும்பத்த கைவுட்ராத" என்று மனமுருகி வேண்டிக்கொண்டார். தனக்காக எதுவும் கேட்கவில்லை. கேட்க மனசு வரவில்லை.

கரைக்கு வந்தார். படகை மீட்ட கையோடு மங்கம்மாவைக் கூட்டிவந்து, அதில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தார். திட்டட்டும். துடைப்பத்தால் அடித்தாலும் அடிக்கட்டும்.

படகு மணலில் ஏற்றிவைக்கப்பட்டிருந்தது. அர்ஜுனைக் காணோம். ராயபுரம் பக்கத்துப் பெயிண்டர் ஒருவர் படகின் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, தமிழ் எழுத்துகளைச் சுரண்டி எடுத்த இடத்தில், கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துத் தெலுங்கு எழுத்துகளை வரைந்துகொண்டிருந்தார்.

"யோவ்! யார் போட்டுல இன்னா எழுதினு கீற?"

"இன்னா எழுத்துன்னு எனுக்கே தெர்ல நைனா. கோலம் மாதிரி பாத்து போட்டுகினு கீறேன். காக்கிநாடா பார்ட்டி வாங்கிட்டான். லாரி வந்துகினு கீது, ஏத்திகினு போறதுக்கு."

மனோகரன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்.

"வித்துட்டானா? பேமானி! மனச கேட்டு சொல்றேன்னானே! சொந்த மச்சான்னு நம்புனேனே! அக்கா புருஷன் வாய்ல மண்ணப் போட்டானே அந்த அர்ஜுனு!"

பெயிண்டர் தூரிகையை டப்பாவில் நனைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பையன இன்னாத்துக்கு நைனா திட்ற? அவன் பேருக்குத்தான் ஓனரு. நகைய வித்து இந்தப் போட்ட வாங்கி வச்சினு இருந்தது அவன் அக்கா, அதுதான் இப்ப இத்த காக்கிநாடாக்காரனுக்குத் தள்ளிட்டு, அந்தக் காசுல எவனோ ஒருத்தன் வித்த எண்ணெய்ப் பங்க மொத்தமா வாங்கிச்சாம், இங்கயே நின்னுகினு ஒரே அழுவ, 'எம் புருஷன நம்பாம இத்தினி நாளு இருந்துட்டேனே'ன்னு."