அஞ்சு கட்டையும் ஐந்து ஷார்ப்பும்

"அஞ்சு கட்டைம்மா! அதுக்கு ஒரு நூலு ஜாஸ்தியும் கூடாது, கம்மியும் கூடாது," என்றார் ராமகிருஷ்ணன், மாப்பிள்ளை வீட்டாருக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே.

பிர்தௌஸுக்குப் பகீரென்றது. கம்ப்யூட்டரில் அவள் ஏற்றி வைத்திருந்த இசை ஒரு கட்டை சுருதியில் இருந்தது.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்த ராமகிருஷ்ணன், மகள் ரிசப்ஷனில் தானே எழுதிய வாழ்த்துப் பாட்டைத் தானே பாடுவதாக இருந்தார். வாத்தியக்காரர்கள் கிடையாது. ஃப்ளாப்பியைக் கீபோர்டில் செருகினால் தபலா, கிடார் எல்லாம் அதுவே வாசித்துக்கொள்ளும். 2001-இல் அந்த வட்டாரத்துக்கு அது புதுசு. திருவண்ணாமலையிலிருந்து வேனில் கம்ப்யூட்டரோடு வந்து இறங்கியிருந்தாள் பிர்தௌஸ்.

"இன்னைக்கு நல்லா அமைஞ்சிட்டா ஆவணி முகூர்த்தம் பூரா உங்களுக்குத்தான்," என்று மண்டப மேனேஜர் புகழேந்தி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். சுருதி என்ன என்று கேட்கும் கட்டத்தில் பிர்தௌஸ் 5 என்று அடித்தாள். திரையில் மேல்நாட்டு முறை ஸ்வரக் கோடுகளின் தொடக்கத்தில் ஐந்து ஷார்ப் குறிகள் முளைத்தன.

"முடிஞ்சிது," என்றாள்.

கூட்டாளி சிந்துஜா ஓடவிட்டுக் கேட்டாள். "அக்கா, சத்தம் மாறவே இல்லியே!"

அந்த எண் வெறும் பெயர்ப்பலகை. எழுதிக் காட்டுவதற்குத்தான் அது. ஸ்வரங்களை அது தொடவே தொடாது.

"அப்ப அந்தப் பேருக்கு ஏத்த மாதிரி எல்லாத்தையும் தூக்கிடறேன்," என்று பிர்தௌஸ் மொத்தப் பாட்டையும் மேலே ஏற்றினாள்.

ஓடவிட்டதும் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் கையைச் சட்டென்று நிறுத்தினார்கள். பாங்கோ மேளம் அடிக்க வேண்டிய இடத்தில் யாரோ விசில் அடித்தார்கள். தாள வரிசையில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு வாத்தியம். ஸ்வரம் நகர்ந்ததும் வாத்தியமே மாறிவிட்டது.

"டிராபிக் போலீஸ் வந்துட்டாரா?" என்றார் சாம்பார் வாளிக்காரர்.

பிர்தௌஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தாளத்தை மட்டும் பழைய இடத்துக்கு இறக்கினாள். விசில் நின்றது. சிந்துஜா கீபோர்டில் கட்டைகளைத் தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது ஏழு கட்டையில கேக்குது."

"அஞ்சுதானே போட்டேன்?"

"நீங்க போட்டது அஞ்சு ஷார்ப்பு, அக்கா. அவரு கேட்டது அஞ்சு கட்டை. அஞ்சு ஷார்ப்பு இருந்தா அது ஏழு கட்டை. ரெண்டும் வேற வேற கணக்கு."

ஏழிலிருந்து ஐந்துக்கு வர நாலு அரைக்கட்டை இறங்க வேண்டும். பிர்தௌஸ் அவசரமாகக் கம்ப்யூட்டரில் நாலைக் குறைத்து ஃப்ளாப்பியில் ஏற்றினாள். அதற்குள் மேடையிலிருந்து அழைப்பு வந்தது.

ராமகிருஷ்ணன் மைக்கைப் பிடித்தார். இசை புறப்பட்டது. பிர்தௌஸ் நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

"அக்கா," என்றாள் சிந்துஜா மெதுவாக, "நானும் கீபோர்டுல நாலு குறைச்சி வச்சிட்டேன்."

"என்னாது?"

"நீங்க குறைச்சது எனக்குத் தெரியாதே!"

மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் அரைக்கட்டைதான் தூரம் என்பதால் இப்போது போய்க்கொண்டிருப்பது இரண்டரைக் கட்டை. நடுவில் மாற்றினால் பாட்டே தடுக்கி விழும். பிர்தௌஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆவணி முகூர்த்தம் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போவது தெரிந்தது.

ராமகிருஷ்ணன் வாய் திறந்தார். மண்டபம் அடங்கியது. தண்ணீர் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இல்லை. குரல் இசைமேல் அப்படியே படிந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. மகளை வாழ்த்திய கடைசி அடியில் மணப்பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். உறவுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். ராமகிருஷ்ணன் பாடினார். அதற்கும் கைதட்டல்.

புகழேந்தி மேடைக்கே ஓடிவந்தார். "ஆவணி மட்டுமில்ல, தை வரைக்கும் நீங்கதான்!"

பிர்தௌஸும் சிந்துஜாவும் கையைக் கோத்துக்கொண்டு வயர்களுக்கு நடுவிலேயே குதித்தார்கள். ராமகிருஷ்ணனின் மனைவி ஜோதியம்மாள் ஒரு தட்டு நிறைய ஜாங்கிரியோடு வந்து, பிர்தௌஸின் தாடையைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"கல்யாணமான நாளா இந்த மனுஷன் அஞ்சு கட்டையில பாடறதைக் கேக்கறேன் கண்ணு, இன்னைக்குத்தான் மொத தடவையா சுருதியோட சேந்து பாடியிருக்காரு!"