பத்தடிக் கண்ணாடி

என் மூக்கு இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள், கபடியா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஒருவர் மட்டும் விடாப்பிடியாக எந்த டீம் என்று கேட்டபோது பேச்சை மாற்றுவதற்குள் வியர்த்துவிட்டது. நான் வாழ்க்கையில் கபடி ஆடியதே இல்லை. என் மூக்கை உடைத்தது ஒரு ஜன்னல். அதற்குப் பிளான் போட்டவனும் நான்தான், கண்ணாடி வாங்கி வந்தவனும் நான்தான், அன்று காலையில் பளபளவென்று துடைத்து வைத்தவனும் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் ஊர் கொல்லிமலையில் பெரக்கரை நாட்டுப் பக்கம். சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு சேலத்தில் ஓர் இன்ஜினியரிடம் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். (வேலை என்றால், அவர் போட்ட பிளானை ஜெராக்ஸ் எடுத்து வருவது.) மீதி நேரமெல்லாம் போனில் வெளிநாட்டு வீடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி இருக்கும். வெளியே காடு தெரியும். உள்ளே ஒருவர் கையில் காபிக் கோப்பையோடு நின்றுகொண்டிருப்பார். எந்த வீடியோவிலும் அவர் அந்தக் காபியைக் குடித்து நான் பார்த்ததில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் அம்மாவின் தம்பி பொன்னுசாமி மாமன் புது வீடு கட்ட முடிவு செய்தார். மிளகும், குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியும் போடும் விவசாயி. பிளான் போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. மாமனின் மகள் மலர், செம்மேட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளை எனக்குக் கேட்கலாமென்று என் அம்மா பேச்சை எடுத்தபோது, “மொதல்ல ஊட்டு வேலை முடியட்டுங்க அக்கா, பாக்கலாம்” என்று மாமன் சொல்லியிருந்தார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னாராம். எனக்கு அது பரீட்சை மாதிரி கேட்டது.

பரீட்சையில் ஃபர்ஸ்ட் மார்க் வாங்குவதென்று முடிவு செய்து, பிளானைக் கொண்டுபோய் விரித்தேன். மாமன் விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

“மாப்ளே, இந்தச் செவுரு எங்க?”

“அது செவுரு இல்லீங்க மாமா, ஜன்னலு.”

“மொத்தமுமா?”

“பத்தடி அகலம், எட்டடி உசரம்ங்க. உள்ளார உக்காந்தாவே காடு மொத்தமும் தெரியும்.”

“காடு எதுக்குத் தெரியோணும்?”

“பாக்கறதுக்குங்க.”

“காலைல ஆறு மணிக்குப் போயி, பொழுது எறங்கற வரைக்கும் அதைத்தான் பாக்கறேன். ஊட்டுக்கு வந்தும் அதையே பாக்கோணுமா?”

இயற்கையோடு இணைந்து வாழ்வதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். மாமன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இப்ப என்ன பிரிஞ்சா இருக்கறோம்?” என்றார்.

அத்தைக்கு வேறு கவலை. “நாம சோறு திங்கறது போறவங்க வாரவங்களுக்கெல்லாம் தெரியுமே, சாமி.”

“ஸ்கிரீன் போட்டுக்கலாமுங்க அத்தை.”

“ஸ்கிரீன் போட்டு மறைக்கறதுக்கு, செவுரே வெச்சுட்டா என்ன?”

நான் குனிந்து பிளானின் மூலையை நீவிவிட்டேன். அன்று என்னைக் காப்பாற்றியது மலர். உள்ளிருந்து வந்து பிளானை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மாமா இவ்வளவு ஆசைப்படறாரு, உடுங்கப்பா. வெளிச்சமாவது வரட்டும்” என்றாள். மாமன் சரியென்று தலையாட்டினார். நான் வீடு திரும்பும்போது தரையில் கால் படவில்லை. (பட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.)

எட்டு மாதத்தில் வீடு எழுந்தது. கண்ணாடியைச் சேலத்தில் வாங்கினேன். ஐந்தடி அகலத்தில் இரண்டு. பெயரைக் கேட்டாலே பயம் வருகிற கெட்டிக் கண்ணாடி அது. சாமானியத்தில் உடையாது, உடைந்தாலும் கல்கண்டு மாதிரி உதிருமே தவிர யாரையும் கிழிக்காது என்றார் கடைக்காரர். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி எழுபது வளைவுகளிலும் நான் லாரியின் பின்னால் நின்றபடியே வந்தேன். கண்ணாடிக்கு எங்கள் வீட்டுப் போர்வைகள் நான்கையும் சுற்றியிருந்தேன். எனக்குச் சுற்ற ஒன்றும் இல்லை. மேலே வந்து சேர்ந்தபோது கண்ணாடி நலமாக இருந்தது. எனக்கு ஒரு வாரம் காய்ச்சல்.

ஜன்னலைப் பொருத்திய பிறகு ஊரே வந்து பார்த்தது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் ஜன்னல் என்பது குளிருக்குப் பயந்து ஓர் அடிக்கு ஓர் அடி வைக்கிற ஓட்டை. வந்தவர்கள் என்னிடம் நல்லாருக்குது என்று சொல்லிவிட்டு, மாமனைத் தனியாகக் கூப்பிட்டு வேறு ஏதோ சொன்னார்கள்.

கிரகப்பிரவேச நாள் வந்தது. மலைக்குக் கீழே ஊர்களில் செய்வதுபோல் பசுவையும் கன்றையும் முதலில் வீட்டுக்குள் ஓட்டிவர வேண்டுமென்று அத்தை பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஐயர் வந்திருந்தார். பசு, மாமன் வீட்டுச் செவலை. மாமன் கயிறு கட்டி மேய்க்காத ஒரே மாடு, அவ்வளவு சாது. அதன் கன்று பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

நான் விடிந்ததும் போய், பழைய செய்தித்தாளைத் தண்ணீரில் நனைத்து ஜன்னலைத் துடைத்தேன். மறுபடி உலர்ந்த தாளால் துடைத்தேன். ஒரு கைரேகை இல்லை, ஒரு நீர்க்கோடு இல்லை. மலையில் அந்த மாதத்தில் காலைப் பனி இல்லாத நாள் அபூர்வம். அன்றைக்கென்று பார்த்து வெயில் சுத்தமாக அடித்தது. நான்கு அடி தள்ளி நின்று பார்த்தேன். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. என் வேலைக்கு நானே பாராட்டு சொல்லிக்கொண்டேன்.

நல்ல நேரம் முடிய அரை மணி இருந்தபோது உள்ளே நுழைந்தோம். முன்னால் ஐயர், பிறகு தாம்பாளத்துடன் அத்தை, செவலையைப் பிடித்தபடி மாமன், கடைசியில் கன்றைப் பிடித்தபடி நான். கன்றுக்குப் பசி. விடிந்ததிலிருந்து தாயிடம் விடவில்லை.

கூடத்தின் நடுவில் போட்ட கோலத்தில் செவலை போய் நின்றது. பின்னால் கண்ணாடி, அதற்கு அப்பால் குச்சிக்கிழங்குக் காடு, அதற்கும் அப்பால் மலை. பக்கவாட்டில் வெயில். அந்தக் காட்சியைப் போட்டோ எடுத்துப் போட்டால் சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஆட்கள் வீடு கட்டித் தரச் சொல்லி வரிசையில் நிற்பார்கள் என்று தோன்றியது. பையிலிருந்து போனை எடுத்தேன். போனை எடுக்க ஒரு கை போதாமல், கன்றின் கயிற்றை விட்டேன். ஒரு நிமிஷம்தானே என்று நினைத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கன்று திரும்பி வாசல் வழியாக வெளியே ஓடிவிட்டது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, “ம்மா” என்றது.

செவலை திரும்பிப் பார்த்தது. கன்று ஆறடி தூரத்தில் நிற்கிறது, நடுவில் எதுவும் இல்லை. நேராக நடந்து போனது. மூக்கு எதிலோ முட்டியது. ஓர் அடி பின்வாங்கி மறுபடி போனது, மறுபடி முட்டியது. அந்தப் பக்கம் கன்று தாயின் மடியைத் தேடிக் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது. இரண்டின் மூச்சும் பட்டு, ஒரே இடத்தில் கண்ணாடி இரண்டு பக்கமும் மங்கியது. பிறந்ததிலிருந்து யாரையும் முறைக்காத மாடு, கத்த ஆரம்பித்தது. மாமன் கயிற்றை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

“நேரம் போயிண்டிருக்கு” என்றார் ஐயர். “பத்து நிமிஷம்தான் இருக்கு. கன்னுக்குட்டியும் உள்ளே இருக்கணும்.”

“கன்னு யாரு கையில இருந்துது?” என்று மாமன் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் போன் இருந்தது.

நான் கன்றைப் பிடித்துவர ஓடினேன். வாசல் வழியாகப் போனால் வீட்டைச் சுற்ற வேண்டும். கன்றோ கண்ணெதிரில் நிற்கிறது. ஆகவே குறுக்கு வழியில், நேராக, முழு வேகத்தில் ஓடினேன்.

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் முதலில் மாடுதான் முட்டிவிட்டது என்று நினைத்தார்களாம். நான் கோலத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன். மூக்கிலிருந்து ரத்தம் கோலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. கடைக்காரர் சொன்னது சரிதான் என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

ஆனால் சத்தத்தில் மிரண்ட செவலை தலையைத் தூக்கி ஒரு சிலுப்பு சிலுப்பியது. கொம்பின் நுனி கண்ணாடியின் ஓரத்தில் பட்டது. அவ்வளவுதான். ஒரு மூட்டைக் கல்கண்டை அவிழ்த்துக் கொட்டியதுபோல், ஐந்தடி அகலக் கண்ணாடி முழுவதும் தரையில் உதிர்ந்தது.

கன்று கொஞ்சம் யோசித்தது. பிறகு அந்தக் குவியலைத் துள்ளித் தாண்டி உள்ளே வந்து, நேராகத் தாயின் மடியில் வாயை வைத்தது. வீடு முழுக்கக் கன்று பால் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பசுவும் கன்னும் உள்ளே வந்தாச்சு. நேரத்துக்குள்ளதான். எந்த வழியா வரணும்னு நியமம் ஒண்ணும் இல்லை” என்று சொல்லிவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

மலர் ஈரத்துணியோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். மூக்கைத் தொட்டுப் பார்த்து, “ஒடைஞ்சிருக்குது” என்றாள். ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் சொல்கிற அதே குரல். பிறகு மெதுவாக, “மாமா, கண்ணாடி இருக்கறது உங்களுக்குமா தெரியல?” என்றாள். அவள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சிரித்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

விருந்தில் நான் உட்காரவில்லை. செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டு, பஞ்சு வைத்துக் கட்டிய மூக்கோடு யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை. எட்டு மாதமாக ஒருவரின் பேச்சையும் கேட்காமல் நின்றது, இந்த ஒரு போட்டோவுக்காகத்தானா என்று கேட்டுக்கொண்டேன். எனக்குப் பெண் கொடுப்பதைப் பற்றி இனி அந்த வீட்டில் யாரும் பேசப்போவதில்லை என்றும் உறுதியாகத் தெரிந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கண்ணாடித் துணுக்கு ஏதாவது புல்லில் கிடந்து செவலையின் வாயில் போய்விட்டால்?

மறுநாள் காலையில் போய், கோணிச் சாக்கை விரித்து முட்டி போட்டு, ஜன்னலுக்கு வெளியே மண்ணில் துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். அதற்கு மறுநாளும் பொறுக்கினேன். யாரும் என்னைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அத்தை மட்டும் சாப்பாட்டு வேளைக்குத் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். மூன்றாம் நாள் மாமன் வந்து எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார். அவரும் பொறுக்கினார். 

“இந்தா, ரெண்டு” என்று என் சாக்கில் போட்டார்.

“மன்னிச்சுருங்க மாமா” என்றேன். மூக்கடைப்பில் அது வேறு ஏதோ மாதிரிக் கேட்டது.

“மத்த கண்ணாடியையும் கழட்டிப்போடு. இந்த ஓட்டையில மாடு கன்னு வந்து பழகிருச்சு. அகலமா ஒரு மரக்கதவு வெச்சுரு, மடக்கற மாதிரி.”

“செரிங்க மாமா.”

எழுந்து துண்டை உதறிக்கொண்டே சொன்னார்: “அடுத்த முகூர்த்தத்துக்கு மாட்டையெல்லாம் உள்ளார ஓட்ட வேண்டாம். நீ மட்டும் வந்தாப் போதும்.”

மாமன் பெண் தரச் சம்மதித்துவிட்டார் என்பது எனக்கு விளங்க அரை நாள் ஆயிற்று. அதுவும் மலர் போன் செய்து, “அப்பா சொன்னதுக்கு ஒண்ணும் பேசாம நின்னீங்களாமே, இஷ்டமில்லையா?” என்று கேட்ட பிறகுதான்.

இதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. மிஞ்சிய ஒரு கண்ணாடியைக் கீழே கொண்டுபோகத் தைரியம் இல்லாமல் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறோம். கண்ணாடி இருந்த இடத்தில் நான்கு மடிப்பு மரக்கதவு இருக்கிறது. காலையில் திறந்தால் பொழுது சாயும் வரை மூடுவதில்லை. மாமன் அங்கே நிலைப்படியில் உட்கார்ந்துதான் காபி குடிக்கிறார், காட்டைப் பார்த்துக்கொண்டு. மிளகு காய்வது வெளியே, காவல் இருப்பவர்கள் உள்ளே. கோழி மட்டும் இரண்டு பக்கத்தையும் தனது என்று நினைக்கிறது.

வீடு கட்ட நினைக்கிறவர்களை நான் அங்கே கூட்டிப்போய்க் காட்டுவதுண்டு. அதே பிளானில் இதுவரை நான்கு வீடுகள் கட்டிக் கொடுத்துவிட்டேன். போன மாதம் நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு தம்பதி அந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றார்கள். வீட்டுக்குள்ளேயே மலை வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார் அந்த அம்மா. நான் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன்.

“உங்க மருமகன் நல்லா யோசிச்சுருக்காருங்க” என்றார் அவர் கணவர் மாமனிடம்.

மாமன் காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“மருமவன் போட்டுக்கிட்டது செம்மேட்டு ஆஸ்பத்திரியில தையல்ங்க” என்றார். “இந்தப் பிளானு எங்க செவலை போட்டது.”