ஒரே மூச்சில் படித்தேன்

உலகிலேயே அதிகமாகப் படிக்கிற ஊர் எது என்று கேட்டால் விவரம் தெரியாதவர்கள் ஏதேதோ வெளிநாட்டுப் பெயரைச் சொல்வார்கள். ஓசூர்தான். அதற்கு ஆதாரம் எங்கள் 'எல்லையோர வாசகர் பேரவை' என்ற வாட்ஸ்அப் குழு. மற்ற குழுக்களில் ரோஜாப்பூவும் குட்மார்னிங்கும் வருகிற நேரத்தில் எங்கள் குழுவில் புத்தகப் பரிந்துரைகள் வந்து விழும். கம்பெனி பஸ் சிப்காட் போய்ச் சேருவதற்குள் ஒரு நூலகமே பரிந்துரைக்கப்பட்டுவிடும். படித்துவிட்டுச் சொல்பவர்கள் சாதாரண வாசகர்கள். நாங்கள் அதற்கு முன்பே சொல்லிவிடுவோம்.

குழுவின் அட்மின் அடியேன். தொழில், ஒரு போல்ட் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு. நூறு போல்ட் வந்தால் ஐந்தை மாதிரிக்கு எடுத்துப் பார்ப்போம். ஐந்தும் சரியாக இருந்தால் நூறுக்கும் 'ஓகே' முத்திரை. இந்த விஞ்ஞான முறையை வாசிப்புக்குக் கொண்டுவந்த பெருமை என்னையே சேரும். நூறு பக்கத்துக்கு ஐந்து பக்கம் என்றுதான் ஆரம்பித்தோம். அனுபவம் கூடக் கூட, அட்டையே போதும் என்று ஆகிவிட்டது.

இப்பேர்ப்பட்ட சபையில்தான் தீர்த்தகிரி தன் நாவலை வைத்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அழுத்தித் தரும் ஒரு கம்பெனியில், பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டியே 'பிரஸ் ஷாப் மழை' என்ற நாவலை முடித்திருந்தார். "தப்பு இருந்தா கூச்சப்படாம சொல்லுங்க. யாராச்சும் படிச்சா அதுவே போதும்" என்று எழுதி, ஃபைலைக் குழுவில் போட்டார்.

நான் உடனே ஃபைலைத் தட்டினேன். ஒரு சின்னக் கட்டம் வந்து ஏதோ கேட்டது. கட்டங்களோடு பேசிக்கொண்டிருக்க எனக்கு ஏது நேரம்? அதை மூடிவிட்டு, "ஒரே மூச்சில் படித்தேன். கடைசி அத்தியாயத்தில் அழுதுவிட்டேன்" என்று பதிவிட்டேன். பெங்களூரு ஐ.டி. கம்பெனிக்கு தினமும் போய்வரும் மோகனப்ரியா, அத்திப்பள்ளி டோல்கேட்டில் வண்டி நின்ற நேரத்திலேயே 'நடுங்க வைக்கும் யதார்த்தம்' என்று விமர்சனம் எழுதி முடித்தார். தமிழ் எழுத்தே தெரியாத கங்கப்பன்கூட "தும்ப சென்னாகிதெ", ரொம்ப நன்றாக இருக்கிறது என்று கன்னடத்தில் பாராட்டினார். மொழி கடந்த இலக்கியம் என்று சொல்கிறார்களே, அது இதுதான்.

நான் அதோடு நிற்கவில்லை. எல்லாப் பாராட்டுகளையும் சேர்த்து, தீர்த்தகிரியின் படத்தோடு ஒரு போஸ்டர் செய்து, அவருடைய கம்பெனிக்கே அனுப்பிவைத்தேன். ஒருவரின் திறமையை மேலிடம் அறிய வேண்டாமா? மேலிடம் அறிந்தது. அவரை சஸ்பெண்ட் செய்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு பை நிறைய அவரைக்காயோடு தீர்த்தகிரி என் வீட்டுக்கு வந்தார்.

"கம்பெனி விஷயத்த வெளியாளுங்களுக்குக் குடுத்துட்டன்னு சொல்றாங்கோ சார். அந்தக் கம்ப்யூட்டர்ல எந்த ஃபைல் செஞ்சாலும் தானா பூட்டிக்குமாம். டிராயிங் வெளிய போயிடக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்கோ. பாஸ்வேர்டு இல்லாம வெளிய யாராலயும் தெறக்க முடியாது. எனக்கே இப்பத்தான் சார் தெரியும்."

"பெறகு என்னப்பா பயம்? யாரும் திறக்கலேன்னு சொல்லிற வேண்டியதுதான?"

"சொன்னன் சார். உங்க போஸ்டரக் காட்றாங்கோ. பாஸ்வேர்டு குடுக்காமயா இத்தன பேரும் அழுதாங்கன்னு கேக்கறாங்கோ."

நியாயமான கேள்வி.

"யாராச்சும் ஒருத்தர் வந்து, நாங்க படிக்கல, சும்மா எழுதினோம்னு சொன்னா போதும் சார். வேல தப்பிச்சிடும். ரெண்டு புள்ளைங்க படிச்சிக்கினு இருக்குது. நீங்க படிக்காததுல எனக்கு வருத்தம்லாம் இல்ல சார்." வருத்தம் இருந்தது. முகத்திலேயே தெரிந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு வாசகனின் வீட்டுக்கே வந்து, அவன் மனைவி காதுபட, 'நீ படிக்கவில்லை' என்று சொல்வதா? "குழுவில் விவாதிக்கிறோம்" என்று அனுப்பிவைத்தேன். அவரைக்காயை மட்டும் நாங்கள் மாதிரிக்கு ஐந்து எடுத்துப் பார்த்து நிறுத்தவில்லை. ஒன்று விடாமல் தின்றோம்.

பேரவை அவசரமாகக் கூடியது.

"பாவம், யாராவது ஒருத்தர் போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்" என்றார் மோகனப்ரியா.

"நீங்களே போங்களேன்" என்றேன்.

"நானா? நாளைக்கு என் ரெகமண்டேஷனை எவன் மதிப்பான்?"

கங்கப்பனைக் கேட்டோம். எல்லோரையும்விட அவர்தான் அதிகம் புண்பட்டார். "நானு ஓதிதீனி!" என்று கத்தி ஒரு வாய்ஸ் மெசேஜ். படித்திருக்கிறாராம். கடைசியில், 'படைப்பாளி தீர்த்தகிரிக்குப் பேரவை தோள் கொடுக்கும்' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி, கைதட்டும் எமோஜி போட்டுக் கலைந்தோம்.

தோள் கொடுக்க, அட்மின் என்ற முறையில் விசாரணைக்கு நானே போனேன். ஹெச்.ஆர். அதிகாரி இளம்பரிதி எனக்கு டீ வரவழைத்தார். தீர்த்தகிரி ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"ஒரே கேள்விதான் சார்" என்றார் இளம்பரிதி. "நீங்க யாரும் ஃபைலைத் திறக்கலேன்னா விஷயம் வெளிய போகல. கேஸ் இதோட முடிஞ்சுது, இவர் நாளைக்கே வேலைக்கு வரலாம். 'ஒரே மூச்சில் படித்தேன்'னு எழுதினது நீங்கதானே?"

"நானேதான்."

"நெஜமாவே படிச்சீங்களா?"

தீர்த்தகிரி என்னையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு சின்ன 'இல்லை'யைத்தான் கேட்டார், பாவம். ஆனால் அந்த 'இல்லை' நாளைக்கு ஸ்கிரீன்ஷாட்டாகக் குழுவுக்கு வந்தால் என் கதி என்ன ஆவது?

"ரெண்டு தடவை படிச்சேன்" என்றேன்.

இளம்பரிதி பெருமூச்சு விட்டு வேலைநீக்க உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "விசாரணைக்காக நானும் முழுசாப் படிச்சேன் தீர்த்தகிரி. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. கரண்ட் போனதும் பிரஸ் எல்லாம் நின்னு, கூரை மேல மழைச் சத்தம் கேக்குதே, அந்த இடம் மனசை விட்டுப் போகமாட்டேங்குது."

வேலை போன மனிதர் சிரித்தார். "நெசமாவா சார்?" என்று கேட்டார்.

வரி விடாமல் படித்திருக்கிறார் அந்த அதிகாரி! மாதிரி முறை தெரியாத மனிதர். அவரிடம் இலக்கியம் பேசி என்ன பயன் என்று டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சில மாதங்கள் குழுவில் தீர்த்தகிரியின் சத்தமே இல்லை. போன வாரம் திடீரென்று ஒரு ஃபைல் போட்டார். பேரவை பொங்கி எழுந்தது. 'முதல் நாவலையே மிஞ்சிவிட்டது' என்றார் மோகனப்ரியா. கங்கப்பன் தும்ப சென்னாகிதெ. நான் மறுபடியும் ஒரே மூச்சில் படித்து, மறுபடியும் அழுதேன்.

அதன் பிறகுதான் அவர் தட்டிக்கொண்டிருந்த செய்தி வந்து சேர்ந்தது: "இது கதை இல்ல சார். என்னோட பயோடேட்டா. எங்கயாச்சும் வேல இருந்தா சொல்லுங்க."

இதுபோன்ற நேரத்தில் அட்மின்தானே பொறுப்பாக நடந்துகொள்ள வேண்டும்? நான் எழுதினேன்:

"தமிழில் நேர்மையான தன்வரலாறுகள் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்க வந்திருக்கும் படைப்பு. அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன்."