சம்பந்தியின் கழுத்து

கழுத்து பார்க்கிறவர்கள் என்று மனிதரில் ஒரு இனம் உண்டு. நாமெல்லாம் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்கிறோம். இவர்கள் கழுத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். நாற்பது தாண்டினால் கழுத்தில் மிளகு மாதிரி ஒன்று தொங்கும், கன்னத்தில் புளியங்கொட்டையை ஒட்டிவைத்த மாதிரி ஒன்று கறுத்துத் தடிக்கும், வயிற்றில் சிவப்பு மையில் வைத்த புள்ளி மாதிரி ஒன்று முளைக்கும். அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்கு இருக்கும். சோறு கேட்கிறதா, தண்ணி கேட்கிறதா? ஆனால் இவர்களால் விட முடியாது.

அசாம் ஜாவா என்கிற ஊரில் இந்த இனத்துக்கு அழகேசன் என்று பெயர். ஐம்பத்தெட்டு வயது, செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஒட்டுக்கடையில் தேத்தண்ணி சொல்லிவிட்டு உட்கார்ந்தால், கிளாஸ் வருவதற்குள் பக்கத்து மேசைக்காரரின் காலரை ஒரு விரலால் விலக்கி, "எத்தன நாளா இருக்கு இது?" என்று கேட்டு, பதில் வருமுன்னே உச்சுக்கொட்டி, தலைமுடி ஒன்றைப் பிடுங்கி மருவை இறுக்கிக் கட்டச் சொல்லி, மூன்றாம் நாள் சுண்ணாம்பு தடவச் சொல்லி, அப்படியும் விழாவிட்டால் கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொள்ளச் சொல்லி முடிப்பார்.

மகள் விஷாலினி கிளினிக்கில் தாதி. "அப்பா, அது வயசானா வர்றது. ஒன்னும் செய்யாது. சும்மா விடுங்க லா" என்பாள்.

கேட்பாரா? பக்கத்து வீட்டுத் தங்கராஜுவின் கழுத்து மருவில் இவரே முடி கட்டி, அது பழுத்து, அந்த மனிதர் யாராவது கூப்பிட்டால் ஒரு வாரம் முழு உடம்போடு திரும்பினார். இவர் அசரவில்லை. "சாயம் போட்ட முடி. அதான் வேல செய்யல" என்றார்.

விஷாலினிக்கு நிச்சயம் வைத்ததும் மனைவி அம்சவள்ளி இவரைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "போன வருசம் வந்த சம்பந்தம், பையனோட அத்த கழுத்துல நீங்க கைய வச்சதாலதான் போச்சு. இதுவும் போச்சுன்னா லோரியிலயே படுத்துக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை. பத்தரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். சுங்கை செம்பிலாங்கிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அப்பா மகேந்திரன், இவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். ஒன்றா, இரண்டா? காலர் ஓரமாக ஒரு ஊர்வலமே போய்க்கொண்டிருந்தது. அழகேசன் காற்றாடியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார், தட்டில் கறுப்புத் திராட்சை. கண்ணை மூடிக்கொண்டார்.

அதுதான் வினையானது.

"சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க," மகேந்திரன் முன்னால் குனிந்தார். "கண்ண மூடுனதும் பாத்தேன். எம மேல ஒன்னு தொங்குதே, எத்தன நாளா இருக்கு?"

இந்தக் கேள்வியை அழகேசன் ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறார். அவரை யாரும் கேட்டதில்லை.

"அது மச்சம். அதிஷ்ட மச்சம்."

"மச்சம் தொங்குமா லா? முடி ஒன்னு எடுத்து இறுக்கிக் கட்டுங்க."

சத்தியம் அத்தோடு அறுந்தது. "எனக்கு ஒரு முடி போதும். ஒங்க கழுத்துக்கு ஒரு சவுரியே வேணும்!"

மாப்பிள்ளையின் அம்மா தங்கள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மணி பத்து இருபத்தைந்து. அம்சவள்ளிக்கு லோரி ஞாபகம் வந்தது.

அறை வாசலில் பட்டுச் சேலையோடு விஷாலினி வந்து நின்றாள். குரல் மட்டும் கிளினிக் குரல்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கோளாறுதான்."

இரண்டு பேர் முகமும் வெளுத்தது. "என்னாம்மா கோளாறு?" என்றார் மகேந்திரன்.

"வயசு. மருந்து கெடையாது. தட்ட மாத்துங்க."

மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பத்து வருசமா இந்த மனுசன்கிட்ட நான் சொல்றதும் இதான்" என்று தட்டை அவரே தூக்கி அம்சவள்ளியின் கையில் கொடுத்தார். பத்து இருபத்தொன்பதுக்கு எல்லாம் முடிந்தது.

பந்தியில் சம்பந்திகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த போட்டோக்காரரின் கழுத்தில் இருப்பதற்குச் சுண்ணாம்பா, முடியா என்று ஆலோசனை நடந்தது.

சரி, இவ்வளவு தூரம் படித்தீர்களே, நடுவில் உங்கள் கை உங்கள் கழுத்தைத் தடவியதா? பயப்படாதீர்கள், வயசுதான். பக்கத்தில் இருப்பவர் கழுத்துக்குப் போனதா?

முதலில் கையை எடுங்கள்.