முன்னூற்று நாற்பது பெயர்களும் ஒரு கதவும்

எதையும் மறைக்கத் தெரியாதவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. கெட்டவர்கள் அல்ல, அப்படிச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பல் மருத்துவரிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில், கடைவாய்ப் பல்லில் தொடங்கி, மச்சினனின் விவாகரத்து வழியாக வீட்டு வைஃபை கடவுச்சொல் வரை வந்து, "எழுதிக்கோங்க, எங்க தெருப்பக்கம் வந்தா உதவும்" என்று முடிப்பவர்கள். 'உதவும்' என்பதுதான் இவர்களின் தாரக மந்திரம். யாருக்கு? யாருக்காவது. எப்போது? என்றைக்காவது.

இந்த இனத்தில் ஒருவர் மென்பொருள் எழுதப் போனால் என்ன ஆகும்? ஒருவர் போனார்.

அலுவலகத்தில் அவருக்குப் பப்ளிக் அண்ணன் என்று பெயர். தானாகத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவுகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி அது. கதவுக்கு மேலே ஒரு சின்னத் திரை. வருகிறவருக்கு வணக்கம் சொல்லும், கதவு திறந்ததும் அறிவிக்கும். அந்தத் திரைக்கான லைப்ரரி அண்ணன் எழுதியது. லைப்ரரி என்றதும் புத்தக அலமாரியை நினைக்காதீர்கள். பலரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று ஒருவர் எழுதிக் கட்டிவைத்த மூட்டை அது. உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேலை நடக்கும். எந்தப் பெயர் வெளியாருக்குத் தெரியலாம், எது உள்ளுக்குள்ளேயே கிடக்க வேண்டும் என்பதை எழுதியவர் முடிவு செய்யலாம். அண்ணன் முடிவு செய்திருந்தார். எல்லாமே வெளியே.

"அண்ணே, உங்க லைப்ரரியில மத்தவங்களுக்கு வேண்டியது நாலே நாலு. முன்னூத்தி நாப்பது பேரு எதுக்கு வெளிய தெரியுது?" என்று எதிர் மேசைக்காரி ஒருநாள் கேட்டாள். கதவை நகர்த்தும் மோட்டாருக்கான லைப்ரரி அவள் பொறுப்பு.

"இருக்கட்டும்மா. யாருக்காவது உதவும்."

"உங்க திரை தனக்குன்னு எழுதி வச்சுக்கற குறிப்புக் கோப்பைத் திறக்கறது யாருக்குண்ணே உதவும்?"

"மறைச்சு வச்சு என்னத்தைம்மா கட்டிக்கிட்டுப் போகப்போறோம்?"

வாழ்க்கைத் தத்துவத்தில் போய் ஒளிந்துகொண்ட ஆளை யாரால் வெளியே இழுக்க முடியும்? அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தாள்.

கண்டம் ஒரு புதன்கிழமை வந்தது. இருநூறு கதவுகள் வாங்க நினைத்த ஒரு மருத்துவமனையின் தலைமைப் பொறியாளர் அம்மாள் நேரில் பார்க்க வந்தார். வணக்கம் சட்டென்று தோன்றட்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் அண்ணன், கணினி பெயர்களைத் தேடிப் போகும் லைப்ரரிகளின் வரிசையில் தன்னுடையதை முதல் இடத்துக்கு ஏற்றியிருந்தார். யாரிடமாவது சொன்னாரா? ஊருக்கே எல்லாவற்றையும் சொல்கிறவர், இதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

இருவரும் சோதனை அறைக்குள் போனார்கள். அண்ணன் சுவிட்சைப் போட்டார். கதவு வழுக்கிக்கொண்டு வந்து அழகாக மூடியது. பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

"கதவு திறந்துவிட்டது. மகிழ்ச்சியாகச் சென்று வாருங்கள்" என்றது திரை, தேன் குரலில்.

கதவு அசையவில்லை.

மறுபடி அமுக்கினார். மறுபடி தேன். ஆறாவது தடவை திரை மகிழ்ச்சியாகச் சென்று வரச் சொன்னபோது அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மேடம், கரண்ட்டை நிறுத்தினா கையாலயே தள்ளிடலாம்."

"ஆபரேஷன் தியேட்டர்லயும் அப்படித்தான் பண்ணச் சொல்லுவீங்களா?" அம்மாள் அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி பண்ணுங்க, நான் பாக்கணும். நாலு மணிக்கு என் பொண்ணுக்கு நீச்சல் போட்டி. மூணே முக்காலுக்கு நான் கிளம்பியாகணும்."

அப்போது மணி மூன்று பத்து.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மடியில் கணினியோடு எதிர் மேசைக்காரி வந்து தரையில் சம்மணமிட்டாள். கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு கண்ணாடி வழியாகக் கத்தினாள்.

"அண்ணே! கோப்பைத் திறக்கறதுக்கு என்ன பேரு வச்சீங்க?"

"ஓப்பன்-இட்!"

"நான் கதவைத் திறக்கறதுக்கு என்ன பேரு வச்சேன்?"

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவளுடையதும் ஓப்பன்-இட். ஒரே பெயரில் இரண்டு பேர் வெளியே நின்றால், வரிசையில் முதலில் நிற்கிறவன்தான் ஓடிவருவான். கதவைத் திறக்கச் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் அண்ணனின் ஓப்பன்-இட் ஓடிவந்து, குறிப்புக் கோப்பைச் சமர்த்தாகத் திறந்துவிட்டு, 'திறந்தாச்சு' என்று பதில் சொல்லியிருக்கிறது. அதில் பொய்யும் இல்லை.

"வரிசையை மாத்திடட்டுமா?" என்றார் அண்ணன்.

"மாத்தினா இன்னைக்குத் திறக்கும். நாளைக்கு இன்னொருத்தர் மாத்துவாரு. நாலு பேரைச் சொல்லுங்க, மத்ததையெல்லாம் மறைக்கறேன்."

"எல்லாத்தையுமா? கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிங்க சார்," என்றார் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "மூணு முப்பத்தஞ்சு."

அண்ணன் நான்கு பெயர்களைச் சொன்னார். ஒவ்வொன்றையும் சொல்லும்போது, சொல்லாமல் விட்டவை வரிசையாக நின்று தன்னையே பார்ப்பதுபோல் அவருக்கு இருந்தது. பெற்ற பிள்ளைகளில் நாலு பேரை மட்டும் கல்யாணத்துக்குக் கூட்டிப்போகிற தகப்பனின் முகம். அவள் 'எல்லாம் மறைவு' என்று ஒரே ஒரு வரி சேர்த்தாள், நான்குக்கு மட்டும் விலக்குக் கொடுத்தாள், மூட்டையை மறுபடி கட்டி ஏற்றினாள்.

அண்ணன் பொத்தானை அமுக்கினார். கதவு திறந்தது. தேன் குரல் வாயைத் திறக்கும் முன்பே அம்மாள் வராந்தாவைத் தாண்டியிருந்தார்.

மறுநாள் அலாரம் பிரிவுக்காரர் மூச்சிரைக்க வந்தார். "அண்ணே, உங்க 'டெம்ப்' எங்க போச்சு? என் அலாரம் அடிக்கவே மாட்டேங்குது!"

டெம்ப், அதாவது 'தற்காலிகம்' என்பது அண்ணன் இரண்டு வருடத்துக்கு முன்பு அவசரத்துக்கு ஒட்டுப்போட்டு, நாளைக்கே அழித்துவிடவேண்டும் என்று நினைத்து வைத்தது. அண்ணனின் முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது.

"பாத்தியாம்மா! உதவியிருக்கு!"

"நல்லா உதவியிருக்கு," என்றாள் எதிர் மேசைக்காரி. "இனி அதை உங்களால அழிக்கவும் முடியாது, மாத்தவும் முடியாது. அது இப்ப அவரு வீட்டுப் பிள்ளை."

நான்கு ஐந்தானது. வெள்ளிக்கிழமை அம்மாள் போன் செய்தார். மகள் இரண்டாவதாக வந்தாளாம். கதவு முதலில் நாற்பது போதும். மீதி நூற்றறுபதை, வெளியே தெரியும் பெயர்களின் பட்டியலை மாதாமாதம் அனுப்பினால் பார்க்கலாம் என்றார். ஒரு பெயர் கூடினாலும் காரணம் எழுத வேண்டும். அண்ணன் காரணம் எழுத உட்கார்ந்தார். ஐந்தாவது பெயருக்கே அரை நாள் ஆயிற்று. 'யாருக்காவது உதவும்' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். போன வாரம் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கினாரே, உங்கள் மருமகளுக்கு எந்த மாதம் பிரசவம் என்பதும், சம்பந்தி வீட்டார் என்ன பெயர் வைக்கச் சொல்கிறார்கள் என்பதும், அது உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியுமா, தெரியாதா?

அட, என்னிடம் சொல்லிவிடாதீர்கள்!