மருமகனை எக்கவுண்டன் ஆக்கிய கதை

கலியாணம் பேசப் போகிறவனுக்குக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்லும் உரிமை உண்டு என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். வயதில் ஒன்றைக் குறைப்பதும் உயரத்தில் ஓரங்குலம் கூட்டுவதும் நம்மவர்களிடையே பெரிய குற்றமில்லை. நான் அதோடு நின்றிருக்கலாம். மாப்பிள்ளையின் வேலையையே மாற்றிவிட்டேன்.

மாப்பிள்ளை, ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவின் மகன் கஜன். அமெரிக்காவில் ஒரு சின்ன அணியில் சம்பளத்துக்கு பேஸ்போல் ஆடினான். அவன் கட்சர். அதாவது, மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் முகமூடியோடு குந்தியிருந்து பந்து பிடிப்பவன். அத்தான் பகலில் பேக்கரியிலும் இரவில் துப்புரவு வேலையிலும் மாரடித்து அவனுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தவர்.

இவ்வளவு பெருமை இருந்தும், லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளியிருக்கும் சிவம் அண்ணை, தன் மகள் தரணிக்காக "தம்பி என்ன செய்யிறார்?" என்று போனில் கேட்டபோது, "எக்கவுண்டன்" என்றேன், அதாவது கணக்காளன். (பந்து பிடிக்கிறான் என்று சொல்லிப் பெண் கேட்க முடியுமா? அப்போது என் மூளை அவ்வளவுதான்.)

கஜன் லண்டன் வந்ததும் அவனிடம் இந்தப் பொய்யைச் சொல்லிவிட நினைத்தேன். அவனோ தரணியின் படத்தைப் பார்த்த நாளில் இருந்து தரையில் இல்லை. பெண் பார்க்கப் போன அன்று மூன்று சட்டை மாற்றினான். எனக்கு வாய் வரவில்லை.

சிவம் அண்ணைக்கு அப்டன் பார்க்கில் கடை. அவர் வீட்டில் தரணியும் வந்து உட்கார, ரோல்ஸும் தேநீரும் வந்த கையோடு கேட்டார்.

"தம்பி, எங்கட கடையைக் கொம்பனியாப் பதிஞ்சால் வரி குறையுமோ?"

"அது எனக்குத் தெரியாது அங்கிள். நான் பேஸ்போல் விளையாடுறன்."

"மாமா எக்கவுண்டன் எண்டெல்லோ சொன்னவர்?"

நான் ஒரு முழு ரோல்ஸை வாய்க்குள் தள்ளினேன். கஜன் என்னை ஒருதரம் பார்த்தான்.

"நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னனான், அங்கிள். இங்க வந்து உங்களைப் பாத்தாப் பிறகு பொய் சொல்ல ஏலாமல் போச்சு."

தரணி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "செய்யிற வேலையைச் சொல்ல வெக்கப்படுறவரோட நான் எப்பிடி வாழுறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சிவம் அண்ணை தன் வளைந்த சுண்டுவிரலை நீட்டிக் காட்டினார். "நான் ஊரில விக்கெட் கீப்பர், தம்பி. இது பந்தில முறிஞ்சது. உண்மையைச் சொல்லியிருந்தால் இண்டைக்கே நாள் பாத்திருப்பன்."

ரோல்ஸை விழுங்கிய பிறகாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம் அதுதான். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

தெருவில் வரும்போது, "ஏன்ரா பழியை உன்ர தலையில போட்டனி?" என்று கேட்டேன்.

"நான் நாளைக்குப் போயிடுவன், மாமா. நீங்கள் அவையைக் கிழமைக்குக் கிழமை கோயிலில பாக்க வேணுமெல்லே."

அன்றிரவு நான் தூங்கவில்லை. விடிந்ததும் சிவம் அண்ணைக்குப் போன் போட்டு, பொய் என்னுடையது, பெடியனுக்கு ஒன்றும் தெரியாது என்று கெஞ்சினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இப்ப சொல்லுறது உண்மையோ, முந்திச் சொன்னது உண்மையோ?" என்றார். அதோடு சம்பந்தம் முடிந்தது. அடுத்த வருடம் தரணிக்கு வேறிடத்தில் கலியாணம் நடந்தது.

அந்தக் கேள்வி மட்டும் எப்படியோ எங்கள் குடும்பத்துக்குள் வந்து குடியேறிவிட்டது. சோறு வெந்துவிட்டது என்று நான் சொன்னாலும் மனைவி, "இது உண்மையோ, முந்திச் சொன்னது உண்மையோ?" என்கிறாள். என் மகள் கேட்கிறாள். ரொறன்ரோவில் இருந்து அக்காவும் கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள்.

கஜன் மட்டும் கேட்பதில்லை. நான் எதைச் சொன்னாலும், "ஓம் மாமா" என்று அப்படியே நம்புகிறான்.